வாசிப்பும் வரைமுறையும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

எழுத்தைக் கட்டுப்படுத்தல் பற்றிய விவாதங்கள் எழுதுவோனின் உரிமையையும் அரசின் அதிகாரத்தையும் இரு முனைகளாகக் கொண்டே பெரும்பாலும் நடைபெற்று வந்துள்ளன. ஒரு சாரார் கருத்துச் சுதந்திரம் என்பர். மறுசாரார் பொது அமைதி என்பர். இவ்விரு சாராரும் பேசாது விடும் மூன்றாமவன் ஒருவன் உளன். அவன் வாசகன். ஓர் எழுத்தைத் தடைசெய்வதற்கு முன் எவரேனும் அதனை வாசித்தாக வேண்டும். வாசித்து, அதன் பொருள் இதுவெனத் துணிந்தாக வேண்டும். அவ்வகையில் நோக்கின் தணிக்கை என்பதும் ஒருவகை வாசிப்பே. தண்டனை என்பதும் ஒருவகைத் திறனாய்வு முடிபே. திறனாய்வு முடிபாயின் அதனைத் திறனாய்வின் அளவுகோல்களாலேயே அளந்து பார்த்தல் இலக்கிய மாணவர்க்குரிய கடமையாகும். வழக்கறிஞரிடமும் அரசியலாளரிடமும் மட்டும் அதனை விட்டுவிடுதல் பொருந்தாது.

இலங்கையில் இவ்வினாவை ஆராய்வதற்குப் புத்தள மாவட்டக் கரையோரத்தினும் ஏற்ற களம் அரிது. அச்சுச் சாதனங்களை நெறிப்படுத்த இந்நாட்டில் எழுந்த தொடக்கச் சட்டங்களுள் ஒன்று 1839ஆம் ஆண்டின் புதினத்தாள் கட்டளைச் சட்டம். அச்சிடுவோன் யார், வெளியிடுவோன் யார் என்பனவற்றை அது அறிய விரும்பிற்று. ஈராண்டு கழித்து, 1841இல், கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807-1860) ‘உதயாதித்தன்’ என்னும் தமிழ்த் திங்களிதழைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ தோன்றியதும் அதே ஆண்டிலேதான். ஈழத்துத் தமிழ் இதழியலின் தொடக்கம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இக்கரை தரும் சான்று அது. அவரே 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து, ‘தமிழ் புளூட்டாக்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். குடியேற்ற அரசு தன் குடிகளின் எழுத்தைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில், அக்குடிகளுள் ஒருவர் தம் இலக்கியத்தை ஆள்வோருக்கு வாசித்துக் காட்ட முற்பட்டார் எனலாம். எழுதியவன் பெயரைக் கேட்கும் சட்டம், எழுதியதைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் தன்னிடம் உண்டா என்று தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. இந்தக் குறை 1839உடன் முடிந்துவிடவில்லை.

இக்கரையின் மொழி நிலையைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். கற்பிட்டிக் குடாநாட்டிலும் புத்தளம் நகரைச் சூழவும் முஸ்லிம்களின் தமிழ் வழங்குகிறது. அரபுச் சொற்களும் கடல்வழி வந்த பிற சொற்களும் அதனிற் கலந்து தமிழாகவே நிற்கின்றன. உடப்பில் திரௌபதை அம்மனை வழிபடும் இந்து மீனவரின் தமிழ் வேறொரு சாயல் உடையது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையினராக இங்கு வந்து சேர்ந்தபோது யாழ்ப்பாணத்துத் தமிழும் மன்னார்த் தமிழும் உடன் வந்தன. சிலாபத்துக்குத் தெற்கே செல்லுந்தோறும், பாட்டன் பாட்டி தமிழில் செபித்திருக்க, பேரர் சிங்களத்தில் செபிக்கும் கத்தோலிக்க மீனவக் குடும்பங்களைக் காணலாம். கடந்த நூற்றாண்டில் பாடசாலை மொழி மாறியமை அதற்கு ஒரு முக்கிய காரணமாகும். புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் தம் போர்த்துக்கேயக் கலப்பு மொழிப் பாடல்களை இன்னும் மறவாது வைத்துள்ளனர். சிலாபத்து மீன்சந்தையில் விலைபேசும் ஒருவர் ஒரே மூச்சில் இரு மொழிகளையும் கையாள்வது அங்கு எவருக்கும் வியப்பன்று. பேச்சில் இத்துணை இயல்பாகக் கடக்கப்படும் எல்லை, எழுத்தில் மட்டும் மதிலாகி நிற்கின்றது. இந்த வேறுபாடே பின்வரும் நிகழ்ச்சிகளின் அடிப்படை.

2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளின் பின் மூன்று வாரங்கள் கழிந்திருந்தன. மே 12ஆந் திகதி சிலாபத்தில் முஸ்லிம் வணிகர் ஒருவர் முகநூலில் எழுதிய ஆங்கில வாசகம் ஒன்று பரவியது. அதிகம் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழ நேரும் என்பதே அதன் பொருள். அதனை வரவிருக்கும் தாக்குதலின் அறிவிப்பு எனக் கொண்ட கூட்டம் பள்ளிவாசல்மீதும் கடைகள்மீதும் கல்லெறிந்தது, எழுதியவர் கைதுசெய்யப்பட்டார், ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் வன்செயல் குருநாகல், கம்பகா மாவட்டங்களுக்கும் பரவிற்று. புத்தள மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் தச்சுத் தொழிலாளி ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

அவ்வாசகத்தை ஒரு பாடமாகக் கொண்டு நோக்குதல் வேண்டும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு சமூகத்தவர் சிங்களம் பேசுவோர்க்கு விடையாக எழுதுகின்றார். இரு மொழியும் வழங்கும் ஊரில் அவ்விரண்டையும் விடுத்து, இரு சாரார்க்கும் உரியதல்லாத மூன்றாம் மொழி தெரிந்தெடுக்கப்படுகிறது. அளவுக்கு மீறிச் சிரித்தால் பின்பு அழவேண்டி வரும் என்று பிள்ளைகளைக் கண்டிக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் உண்டு. மிகுதியான சிரிப்பைப் பற்றிய எச்சரிக்கை இஸ்லாமிய மரபிலும் உண்டு. இப்பின்னணி முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறும்போது உதிர்ந்துவிடுகிறது. எஞ்சுவது எதிர்காலம் காட்டும் ஒரு வினைச்சொல் மட்டுமே. அதே வேளை, பிணங்களை அடக்கி மூன்று வாரமே ஆன கரையில், அயலவர் அழுகையைப் பற்றிய எச்சொல்லும் எச்சொல்லாகவும் கேட்கக்கூடும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சொற்பொருள் சூழலால் அமைவது. எழுதியவர் உள்ளத்தில் யாது இருந்தது என்பதைச் சொற்களை மட்டும் கொண்டு அறுதியிட இயலாது. கூட்டத்தின் பிழை ஐயுற்றமை அன்று. ஐயத்தை ஒரு வினாவாக வைத்துக்கொள்ள மறுத்தமையே. ‘என்ன சொன்னீர்?’ என்று இரு மொழியறிந்த அவ்வூரில் எவரும் எளிதிற் கேட்டிருக்கலாம்.

அரசு செய்தது வேறொன்று. முகநூல் முதலான சாதனங்களை நாடு முழுவதும் முடக்கிற்று. 2018 மார்ச்சில் திகன வன்செயலின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பின் பின்னரும் கையாண்ட அதே முறை. வதந்தி ஒரு மணிநேரத்தில் ஊரை எரித்துவிடும் என்ற நிலையில் இதனை முற்றாகப் பழித்தல் எளிதன்று. கட்டுப்பாடே வேண்டா என்போர் கொட்டாரமுல்லைச் சாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டோர். எனினும் முடக்கம் வாசிப்பதில்லை. பொய்யையும் அதன் மறுப்பையும், மிரட்டலையும் ‘பிள்ளை வீடு சேர்ந்ததா’ என்ற விசாரிப்பையும் அது ஒன்றாகவே அடைக்கின்றது. அந்நிறுவனத்தின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. 2018 வன்செயலில் தன் தளம் ஆற்றிய பங்குக்காக அது 2020 மேயில் மன்னிப்புக் கோரியது. கோடிக்கணக்கானோர் எழுதும் இடத்தை நடத்தியோர், இத்தீவின் மொழிகளை அறிந்த மேற்பார்வையாளரைப் போதிய அளவில் வைத்திருக்கவில்லை என்பது அதற்கு முன்பே பலராலும் சுட்டப்பட்டதாகும். பன்மொழியில் எழுதுவதற்கு இடமளித்தமையைப் பன்மைத்தன்மை எனப் பெருமை பேசலாம். அப்பன்மொழியில் வாசிப்பதற்கு ஆளில்லையாயின் அது சந்தையின் விரிவே அன்றிப் பன்மையன்று.

சிலாப நிகழ்ச்சியில் வாசித்தது கூட்டம். அடுத்து நோக்கவிருப்பதில் வாசித்தது அரசு. ஆதலின் பின்னது கூடுதலான கவனத்துக்குரியது.

மன்னார் மாவட்டத்தின் சிலாவத்துறையைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், புத்தள மாவட்டத்தின் மதுரங்குளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். அவரது ‘நவரசம்’ என்னும் கவிதைத் தொகுதி 2017இல் வெளிவந்தது. 2020 மே 16ஆந் திகதி அவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டார். தீவிரவாதத்தைத் தூண்டும் நூலை எழுதியவர், மாணவர்க்கு அத்தகைய கருத்துகளைப் போதித்தவர் என்பன அவர்மீது கூறப்பட்டன. நீண்ட காலம் குற்றப்பத்திரம் இன்றியே தடுத்துவைக்கப்பட்ட அவருக்கு 2021 டிசெம்பர் 15ஆந் திகதி புத்தளம் மேல் நீதிமன்றம் பிணை வழங்கியது. அதற்குள் பத்தொன்பது மாதங்கள் கழிந்துவிட்டன. 2023 டிசெம்பர் 12ஆந் திகதி அதே நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

இங்கே எழுத்தாளன் மறைந்து நிற்கவில்லை. பெயர் தெரியாதோர் எழுதுவதாலேயே பொறுப்பின்மை பெருகுகின்றது. பதிவும் பெயரும் இருப்பின் ஒழுங்கு தானே வரும் என்பது கட்டுப்பாட்டை ஆதரிப்போர் அடிக்கடி கூறும் வாதம். 2011இல் செய்தி இணையத்தளங்கள் பதிவுசெய்ய வேண்டுமென ஆணையிடப்பட்டதும் இவ்வாதத்தின் பேரிலேதான். ‘நவரசம்’ அச்சிட்ட நூல். ஆசிரியர் பெயருடன் வெளிவந்து மூன்றாண்டுகள் வாசகர் கையில் இருந்தது. பொறுப்புள்ள எழுத்துக்கு வேண்டியன எனக் கூறப்படும் அனைத்தும் அதற்கு இருந்தன. அவை எழுதியவரைக் காக்கவில்லை. தேடிப் பிடிப்பதற்கு மட்டுமே உதவின.

நூலின் தலைப்பையே முதலில் நோக்குக. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு வகுத்தார். வடமொழி மரபு சாந்தத்தையும் சேர்த்துச் சுவை ஒன்பது என்றது. ‘நவரசம்’ என்று பெயரிட்ட கவிஞர், தம் நூலுள் வெகுளியும் அச்சமும் இளிவரலும் வரும் என்பதை அட்டையிலேயே அறிவித்துவிட்டார். ஒன்பது சுவைக்கும் இடம் வகுத்த நூலில் வெகுளிக் கவிதையை மட்டும் பிரித்தெடுத்து அதனை வாக்குமூலமாகக் கொள்வது, கூத்தில் துச்சாதனனாக ஆடியவனைச் சேலை உரிந்த குற்றத்துக்காக விலங்கிடுவது போல்வதாகும். உடப்புத் திரௌபதை அம்மன் விழாக் காணும் சிறுவரும் இதனை அறிவர்.

இதனினும் அடிப்படையானது ‘கூற்று’ என்னும் கருத்து. தமிழ்க் கவிதையில் பேசுபவர் கவிஞர் அல்லர் என்பது ஈராயிரம் ஆண்டுப் பழமையான உடன்பாடு. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று எனத் துறைவகுத்த மரபு இது. கணவனைப் பிரிந்து வருந்தும் பாடலைப் பாடிய ஆண் புலவரை எவரும் பெண்ணென மயங்கியதில்லை. போர்க்களத்தின் கொடுமையைப் பாடுவோன் போரை விரும்புகிறான் என்பது புறத்திணை பயின்ற எவரும் கூறத் துணியாத முடிபு. பொருள் மட்டும் பெயர்த்து எழுதப்படும் மொழிபெயர்ப்பில் இக்கூற்று வேறுபாடே முதலில் அழிந்துபோகின்றது, படிமம் செய்தியாகின்றது, வினா கட்டளையாகின்றது. ஒரு கவிதை உவமையினின்று உரித்தெடுக்கப்பட்டுக் கோப்பில் ஏறும்போது அது கவிதையாக இருப்பதில்லை. அந்நூலைத் தமிழிலேயே படித்தோர் பலர், அதில் தீவிரவாதத்துக்கு ஆதரவு இல்லை என்பதோடு, அதனைக் கண்டிக்கும் கவிதைகளும் உள்ளன என எடுத்துக்காட்டினர். தமிழ் படித்தவர் எவரும் ஒரு பிற்பகலில் கண்டுகொள்ளக்கூடிய இதனை அரசு நிறுவனங்கள் ஒப்புக்கொள்ள மூன்றரை ஆண்டுகள் சென்றன.

இவ்விடத்து, மொழியறிவு ஒன்றே போதுமெனில் எல்லாம் எளிது என்று தோன்றக்கூடும். அயல் மாவட்டத்து நிகழ்ச்சியொன்று அவ்வெண்ணத்தைத் தடுக்கின்றது. குருநாகல் மாவட்டத்துப் பொல்காவலையைச் சேர்ந்த சிங்கள எழுத்தாளர் ஷக்திக சத்குமார, ‘அர்த’ என்ற தம் சிறுகதையை முகநூலில் வெளியிட்டமைக்காக 2019 ஏப்ரல் முதலாந் திகதி கைதுசெய்யப்பட்டார். பௌத்த துறவிகளை இழிவுபடுத்தியது என்பது முறைப்பாடு. அதற்குப் பயன்பட்டது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை நிறைவேற்றுவதற்கென்றே இயற்றப்பட்டது. உரிமையைக் காக்கப் பிறந்த சட்டம் கதைக்கு விலங்கான முரணை ஒருபுறம் வைப்போம். இங்கு எழுதியவர் மொழியும் முறைப்பட்டோர் மொழியும் ஒன்றே. அனைவரும் ஒவ்வொரு சொல்லையும் அறிந்தே படித்தனர். கதையைக் கதையாகப் படிக்கவில்லை, அவ்வளவே. அவர் நான்கு மாதங்களின் பின்னரே பிணையில் வெளிவந்தார். ஆகவே வாசிப்பு என்பது மொழியறிவோடு இலக்கிய வகையறிவும் சேர்ந்தது எனக் கொள்ள வேண்டும். சிலாபத்திலும் ‘நவரசம்’ வழக்கிலும் மொழியே இடறிற்று என்று தோன்றினும், ‘அர்த’ நிகழ்ச்சியின் ஒளியில் அவற்றை மீண்டும் நோக்கின், மொழி தெரிந்திருந்தாலும் அச்சம் கொண்ட வாசகன் அதே இடத்துக்கே வந்திருக்கக் கூடும் என்ற ஐயம் நீங்குவதாயில்லை.

அரசைக் குறைகூறும் தமிழ் இலக்கிய உலகம் தன் பங்கையும் எண்ணிப் பார்த்தல் தகும். 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நடந்த மரபுப் போராட்டம் எழுத்தின் கட்டுப்பாடு பற்றிய விவாதமேயாகும். உழைக்கும் மக்களின் பேச்சு கதையில் ஏறியபோது பண்டிதர் சிலர் அதனை ‘இழிசனர் வழக்கு’ என்றனர். முற்போக்கு எழுத்தாளரும் கைலாசபதி, சிவத்தம்பி முதலிய திறனாய்வாளரும் அதனை எதிர்த்து நின்றனர். அப்போராட்டம் வெற்றிபெற்றது என்பது பொதுக்கருத்து. யாழ்ப்பாணத்துப் பேச்சைப் பொறுத்தவரை வெற்றியே. மட்டக்களப்புக்கும் மலையகத்துக்கும் ஓரளவு வெற்றியே. புத்தளக் கரையின் தமிழுக்கு அவ்வெற்றியில் எத்துணைப் பங்கு கிடைத்தது? ஈழத்து இலக்கியத்தைப் பிரதேசவாரியாக ஆராய்வோர் பலர் சிலாபத்தைக் கடந்து கற்பிட்டி செல்வதில்லை. காசிச்செட்டியின் பெயரை ஒருமுறை சொல்லி, நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிடுகின்றனர். ‘மௌத்து’ என்ற சொல்லுக்கு அடிக்குறிப்பு கேட்கும் பதிப்பாசிரியர் ‘மரணம்’ என்ற வடசொல்லுக்கு அது கேட்பதில்லை. இது தண்டனையன்று, உண்மை. ஆயினும் எது அயல், எது இயல்பு என்று பிரிக்கும் அப்பழக்கமே, ஒரு முஸ்லிம் இளைஞரின் கவிதையை ஏதோ மறைபொருள் கொண்ட ஆவணமெனக் காவல்துறை எண்ணியபோது, ‘இல்லை, இது எங்கள் கவிதை’ என்று உரத்துச் சொல்லும் குரல்களைக் காலந்தாழ்த்தியதற்கு ஒரு காரணம் எனக் கூறுதல் மிகையாகாது.

2024 ஜனவரி 24ஆந் திகதி பாராளுமன்றத்தில் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேற்றப்பட்டு, அவ்வாண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை இவ்வரலாற்றின் தொடர்ச்சியாகவே நோக்க வேண்டும். பொய்யான கூற்று எது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் வழங்கிற்று. உறுப்பினரின் தகைமைக்குரிய துறைகளாகத் தகவல் தொழில்நுட்பம், சட்டம், ஆட்சிமுறை, சமூகசேவை, ஊடகத்துறை, முகாமைத்துவம் முதலியன கூறப்பட்டன. மொழியோ இலக்கியமோ அவ்வரிசையில் இடம்பெறவில்லை. பாராளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியோர் பெரும்பாலும் ஆணைக்குழுவை நியமிப்பவர் யார் என்பதையே வினவினர். அது தேவையான வினாவே. ஆயினும் அரசியற் சார்பற்ற ஐவர் அமர்ந்திருந்தாலும், கற்பிட்டியில் ஒருவர் கோபத்தில் எழுதும் இருவரிகளை வசை எனவோ, கேலி எனவோ, சாபம் எனவோ, தாக்குதலுக்கான அழைப்பு எனவோ அவர்கள் எவ்வாறு பிரித்தறிவர்? இந்நான்கும் தமிழில் ஒரே வினைமுற்றால் அமையக்கூடியவை.

‘நவரசம்’ பற்றிய விடுதலைத் தீர்ப்பு அந்நூலைப் பற்றிய மதிப்பீடு அன்று. அவ்வாறு இருத்தல் நீதிமன்றத்தின் வேலையும் அன்று. முதற்றொகுதியை வெளியிடும் இளங்கவிஞன் எவனும் தன் வாசகரிடம் எதிர்பார்ப்பது வேறு வகையான தீர்ப்பு. எந்தக் கவிதை நின்றது, எது வெறும் ஓசையாய்ப் போயிற்று, எந்தச் சுவை கைகூடிற்று, எங்கே சொல் மிகுந்தது என்பன அவனுக்கு உரிய வினாக்கள். அஹ்னாப் ஜஸீமுக்கு அவற்றுக்கு முன்னரே குற்றவாளியா அல்லவா என்ற வினா வந்து சேர்ந்தது. நூல் வெளிவந்து ஆண்டுகள் பல சென்றுவிட்டன. முன்னைய வினாக்கள் அப்படியே இருக்கின்றன.